மகளுக்கு 14 வயது, தச்சு வேலை பழகப் போகிறாளாம். உங்கள் நாட்டில் எப்படி?

வடலி (வின்டர்தூர், சுவிஸ்), நவம்பர் 16

வணக்கம். கனகாலமாக வாசிக்க மட்டும் வந்துபோகிறவன். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

மகள் செக் (இடைநிலைப் பள்ளி) இரண்டாம் வருடம் படிக்கிறாள். கணக்கில் 5.5, ஜெர்மன் மொழியில் 5. (இங்கே 6 தான் உச்சம். ஜெர்மனிக்காரர்கள் பதற வேண்டாம்.) மார்ச் மாதம் கிம்னாசியத்துக்கு (பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளி) நுழைவுச் சோதனை வருகிறது. ஆசிரியரே எழுதிப் பார்க்கட்டும் என்கிறார். அவள் எழுத மாட்டாளாம். தச்சுப் பட்டறையில் லேர (தொழிற்பயிற்சி) செய்யப் போகிறாளாம். நான்கு வருடம். வாரத்தில் ஒரு நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் பட்டறை, கையில் சின்னச் சம்பளம். இரண்டு பட்டறைகளுக்குத் தானே போன் எடுத்து, சில நாள் வந்து வேலை பார்க்கலாமா என்று கேட்டும் விட்டாள். ஷ்னுப்பர் என்பார்கள் அதை. எனக்குத் தெரிந்தது நேற்று இரவு, சாப்பிடும்போது.

இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இப்படித்தான் தொழில் பழகப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கிம்னாசியம் முடித்து மத்துரா என்ற பல்கலைக்கழக நுழைவுச் சான்றிதழ் எடுப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். ஆனால் எடுக்கக்கூடிய பிள்ளை எடுக்காமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. நான் 1991இல் வந்து கோப்பை கழுவித் தொடங்கியவன்.

உங்கள் நாடுகளில் எத்தனை வயதில் பிள்ளையைப் பிடித்து 'என்னவாகப் போகிறாய்' என்று கேட்கிறார்கள்? எடுத்த முடிவு பிழை என்றால் திரும்பி வர வழி உண்டா? 'பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்கள்' என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம். அதை மனைவி சொல்லிவிட்டார்.


கொழுக்கட்டை (ஹரோ, லண்டன்)

அண்ணா, போன வருடம் எங்கள் குசினிக்கு அலுமாரி போட வந்த தச்சர் என்னைவிட நல்ல காரில் வந்தார். சும்மா சொல்லி வைக்கிறேன்.

இங்கே அந்தக் கேள்வி 16 வயதில் வரும். ஜிசிஎஸ்இ என்ற பொதுச் சோதனையில் ஒன்பது பத்துப் பாடம் எழுதுவார்கள். 9 உச்சம், 1 அடி. அதன் பிறகு ஏ லெவலுக்கு மூன்றே பாடம், மற்றதையெல்லாம் கைவிட வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த மூன்றும் பிள்ளை பிறக்க முன்பே எழுதப்பட்டவை: கணக்கு, கெமிஸ்ட்ரி, பயோலஜி. என் மகன் விரும்பிப் படித்தது வரலாறு. அதைத்தான் முதலில் வெட்டினான். இல்லை, பொய் எழுதக்கூடாது. வெட்டினோம்.

சனிக்கிழமை காலை ரியூசன், பின்னேரம் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு மிருதங்கம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஐந்து இடம் கேட்கலாம், மருத்துவத்துக்கு நான்குதான். நான்கிலும் இல்லை என்று வந்தது. ஐந்தாவதாகப் போட்ட பயோமெடிக்கல் கிடைத்தது. படித்து முடித்தான், இப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணினிக்கு முன்னால் இருக்கிறான். கட்டணம் 2025இல் வருடத்துக்கு 9,535 பவுணாக இருந்தது. இப்போது சேர்கிற பிள்ளைகளின் சம்பளத்தில் இருந்து அந்தக் கடனை 40 வருடம் வரை பிடிப்பார்கள். உங்கள் மகள் இருபது வயதில் கடன் இல்லாமல் ஒரு தொழிலோடு நிற்பாள்.


முத்து_முனிச்

வணக்கம் சார். நான் கோயம்புத்தூர், 2014லிருந்து முனிச்.

பதினாலு வயசெல்லாம் ரொம்ப லேட். இங்கே பவேரியாவில் நான்காம் வகுப்பிலேயே பிரித்துவிடுகிறார்கள். ஜெர்மன், கணக்கு, அப்புறம் ஊரும் சுற்றுப்புறமும் பற்றிய ஒரு பாடம். மூன்றுக்கும் சராசரி 2.33க்குள் இருந்தால்தான் கிம்னாசியத்துக்குச் சான்றிதழ். (இங்கே 1 தான் உச்சம். நான் முதல் வருடம் பையன் 1 வாங்கி வந்தபோது திட்டியே விட்டேன்.) பையனுக்குப் பத்து வயது, கடைவாய்ப் பல்கூட விழுந்து முடியவில்லை. அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் சிரித்த ஞாபகம் இல்லை. 2.33 வந்தது. சரி, வந்து என்ன ஆச்சு? இப்போது எட்டாம் வகுப்பில் லத்தீன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு 'எதுக்குப்பா இது' என்கிறான்.

திரும்பி வர வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. என் டீம் லீடர் 16 வயதில் ரியால்சூல என்ற நடுத்தரப் பள்ளி முடித்து, மூன்றரை வருடம் மெக்கட்ரானிக்ஸ் தொழில் பழகி, மேல்நிலைத் தொழிற்பள்ளி போய், அதற்குப் பிறகு பொறியியல் படித்தவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறார். நான் நான்கு வருடம் பி.இ. படித்தவன், லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. இதெல்லாம் தெரிந்திருந்தும் பையனை 2.33க்காகத் தனி வகுப்புக்கு அனுப்பியவன் நான்தான். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை சார்.


லாசப்பல்_ராணி (பாரிஸ் புறநகர்)

பிரான்சில் வகுப்பை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. ஊரில் இருந்து மாமி போன் எடுத்து 'தம்பி எத்தினையாம் வகுப்பு' என்று கேட்க, 'மூன்று' என்றேன். 'பதினாலு வயசிலயும் மூன்றோ' என்று அழாக்குறை.

அந்த மூன்றாம் வகுப்பில் ஒரு கிழமை எங்காவது வேலைத்தளத்தில் போய் இருந்து பார்க்க வேண்டும். இடத்தைப் பிள்ளையே தேட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தேடுவது தகப்பனுடைய தொடர்புகள்தான். மகனுடைய வகுப்பில் ஒருத்தி வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனாள், ஒருவன் வானொலி நிலையத்துக்கு. என் மகன் போனது லாசப்பலில் (பாரிசின் தமிழ்க் கடைத்தெரு) என் தம்பியின் மளிகைக் கடைக்கு. திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும், 'நிறுவனத்தின் கட்டமைப்பு' என்று ஒரு தலைப்பு. மாமா, மாமி, ஒரு பெரிய குளிர்பெட்டி என்று படம் கீறினான். ஆசிரியை சிரித்துவிட்டு நல்ல புள்ளி போட்டாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாலு வயதில் ஒரு பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத்தானே ஆசைப்படும். உங்கள் மகள் தானே போன் எடுத்து இரண்டு பட்டறை பிடித்தாள் என்று வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை.

இப்போது அவன் கடைசி வருடம். பாக் என்ற பள்ளி இறுதிச் சோதனையில் தத்துவம் நான்கு மணித்தியாலம். போன கிழமை இரவு பதினொரு மணிக்குக் குசினிக்குள் வந்து 'அம்மா, மனிதன் சந்தோசமாக இருக்க வேலை அவசியமா' என்று கேட்டான். வீட்டுப்பாடமாம். நான் அப்போதுதான் இரண்டாவது வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு 2018இல் இருந்து பார்க்கூர்சூப் என்ற ஒரே இணையத்தளம். பத்து விருப்பம் போடலாம். ஜூன் மாதம் பதில் வரத் தொடங்கும். சிலவற்றில் ஆம், சிலவற்றில் இல்லை, மிச்சத்தில் 'நீங்கள் வரிசையில் 1,412ஆவது ஆள்' என்ற மாதிரி ஓர் எண். மேலே உள்ளவர்கள் வேறு இடத்துக்குப் போகப் போக அந்த எண் குறையும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் காலையில் பல் விளக்க முன்பு அதைத்தான் பார்ப்பாள். பதினெட்டு வயதில் காதலன் குறுஞ்செய்திக்குக் காத்திருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லமாட்டேன், இது என்ன வாழ்க்கை.


பனிப்பூ07 (ஊஸ்டர், சுவிஸ்)

வடலி அங்கிள், எனக்கு 18 வயது. தமிழ் எழுத்துப் பிழைகளை அம்மா திருத்தினார்.

நான் அதே கிம்மி (கிம்னாசியம்) சோதனை எழுதி, பாஸ் பண்ணி, உள்ளே போய், முதல் அரை வருடச் சோதனைக் காலத்தில் வெளியே வந்தவள். அந்த ஆறு மாதம் எங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) எல்லாருக்கும் உண்டு, அதைப் பற்றி யாரும் கோவிலில் கதைப்பதில்லை. திரும்ப மூன்றாம் செக் வகுப்பில் போய் உட்கார்ந்த முதல் நாள் மழை. அதுதான் எனக்கு ஞாபகம்.

இப்போது முதியோர் இல்லத்தில் பராமரிப்பு லேர, மூன்றாம் வருடம். காலை ஏழு மணிக்கு வேலை, ஐந்தரைக்கு எழும்புவேன். பதினாறு வயதில் முதல் தடவை ஒருவர் இறந்ததைப் பார்த்தேன். கூட நின்ற மூத்த தாதி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இங்கே அப்படி ஒரு வழக்கம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த நாள் போனேன். கிம்மியில் இருக்கும் என் சிநேகிதிகளுக்கு அந்த வாரம் பிரெஞ்சுச் சோதனை. எது பெரியது என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேறு.

லேர முடித்துத் தொழில் மத்துரா எடுப்பேன். அதை வைத்து வின்டர்தூரில் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இன்னும் ஒரு வருடம் படித்து மேலதிகச் சோதனை எழுதினால் பல்கலைக்கழகமும் போகலாம். கதவு பூட்டில்லை அங்கிள். நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: மகள் ஏன் மரவேலை என்று நீங்கள் அவளிடம் கேட்டீர்களா? என்னிடம் எல்லாரும் ஏன் கிம்மி போகவில்லை என்றுதான் கேட்டார்கள்.


நேர்ப்பேச்சு (ஸ்டுட்கார்ட்)

வடலி அண்ணை, கோபிக்கக்கூடாது. உங்கள் பிரச்சினை கிம்னாசியமா, அல்லது 'தச்சு' என்ற சொல்லா? இதே பிள்ளை கட்டட வரைபட லேர, வங்கி லேர என்று சொல்லியிருந்தால் இந்த இழையைத் திறந்திருப்பீர்களா? 'ஆர்கிடெக்ட் ஒபிசில இருக்கிறா' என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்கள். ஊரில் எந்தத் தெருவில் யார் என்ன வேலை செய்தார்கள் என்ற கணக்கை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே பிறந்த பிள்ளையின் தலையில் இறக்குகிறோம். ஆசாரி என்ற சொல்லே தெரியாத பிள்ளை அது.


மட்டுறுத்துநர்

சாதிப் பெயர் குறித்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நேர்ப்பேச்சின் பதிவு கேள்வியாக இருப்பதால் நிற்கிறது. கல்வியைப் பற்றிப் பேசுங்கள்.


வடலி (வின்டர்தூர்)

நேர்ப்பேச்சுக்கு: இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். ஊருக்குப் போன் எடுத்து அம்மாவிடம் விசயத்தைச் சொன்னபோது 'ஏன், எங்கட ஆக்கள் அந்த வேலை...' என்று தொடங்கினார். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அம்மா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே வசனம் எனக்குள்ளும் எங்கேயோ கிடந்தது என்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

பனிப்பூ பிள்ளைக்கு: இல்லை, கேட்கவில்லை. கேட்கிறேன்.

மற்ற நாட்டுக்காரரும் எழுதுங்கள். ஸ்கண்டிநேவியாவில் பதினாறு வரைக்கும் எல்லாரையும் ஒன்றாகத்தானே வைத்திருக்கிறார்கள்?


வடதுருவி (ஒஸ்லோ)

ஓம் மாமா, பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே பள்ளி. ஏழாம் வகுப்பு வரை புள்ளியே கிடையாது. அதன் பிறகு பொதுப் படிப்பு மூன்று வருடம், அல்லது தொழில்: இரண்டு வருடம் பள்ளி, இரண்டு வருடம் வேலைத்தளம். தொழில் பக்கம் போனவர் ஒரு வருடம் கூடப் படித்தால் பல்கலைக்கழகத்துக்கும் வரலாம். 23 வயதுக்குப் பிறகு வேலை அனுபவத்தோடு ஆறு பாடம் மட்டும் எடுத்து உள்ளே வரும் வழிகூட உண்டு. ஆனால் பள்ளிக்கு வராமல் விட்டால் கண்டிப்பு. மேல்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தில் காரணமில்லாமல் பத்து வீதத்துக்கு மேல் போகாவிட்டால் அந்தப் பாடத்துக்குப் புள்ளி இல்லை. 2016இல் இருந்து இந்தச் சட்டம்.

நான் இப்போது கடைசி வருடம். வழமையாக ஏப்ரலில் இருந்து மே 17 வரை ரூஸ் என்ற பள்ளி முடிப்புக் கொண்டாட்டம், சிவப்புக் காற்சட்டையைத் தோய்க்காமல் போட்டுக்கொண்டு திரிவோம். சில பிள்ளைகள் அந்தக் கொண்டாட்டத்துக்குப் பஸ் வாங்குவதற்கு இரண்டு வருடம் காசு சேர்ப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை, காற்சட்டை மட்டும்தான். அம்மா அதைப் பார்த்துக் 'கூலிக்காரர் மாதிரி' என்கிறார்.

ஆனால் எங்கள் வீட்டுச் சண்டை படிப்பைப் பற்றியது இல்லை. 2015இல் இருந்து இங்கே பெண்களுக்கும் இராணுவ சேவை உண்டு. பதினேழு வயதில் எல்லாருக்கும் கேள்விக்கொத்து வரும். எல்லாரையும் எடுப்பதில்லை, உடம்பையும் விருப்பத்தையும் பார்த்துத் தெரிவு செய்வார்கள். நான் விருப்பம் என்று போட்டேன். கூப்பிட்டிருக்கிறார்கள். வடக்கே, பனியில், ஒரு வருடம். அம்மா 90களில் பங்கருக்குள் இருந்து படித்தவர். கடிதத்தை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, எழும்பிப் போய் சோற்றுப் பானையைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய பானை. எனக்கு அது ஒரு வேலை, ஒரு அனுபவம், பிறகு பல்கலைக்கழகம். அவருக்கு அது வேறு. இதை எப்படிக் கதைப்பது என்று யாருக்காவது தெரிந்தால் தனிமடல் போடுங்கள்.


கொழுக்கட்டை (ஹரோ)

வடதுருவி, தனிமடல் போட்டிருக்கிறேன் பிள்ளை.


ஹெர்னிங்_சிவா (டென்மார்க்)

இங்கேயும் அந்த இராணுவக் கடிதம் வருகிறது. 2025 ஜூலைக்குப் பிறகு 18 வயதாகும் பெண்பிள்ளைகளும் ஆண்களோடு சேர்ந்து குலுக்கலில்.

புள்ளி விசயத்தில் எங்களை யாரும் வெல்ல முடியாது. −3, 00, 02, 4, 7, 10, 12. இதுதான் அளவுகோல். இடையில் உள்ள எண்கள் கிடையாது. மைனஸ் மூன்று வாங்கிய பிள்ளை எனக்குச் சொந்தத்திலேயே உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பலர் ஒரு வருடம் எஃப்டர்ஸ்கோல என்ற விடுதிப் பள்ளிக்குப் போவார்கள். கால்பந்து, இசை, சமையல், கூடவே பத்தாம் வகுப்புப் பாடம். மூத்தவளை அனுப்பவில்லை, 'ஒரு வருடம் வீண்' என்றேன். சின்னவன் போனான். போகும்போது முட்டை பொரிக்கத் தெரியாது, வரும்போது நூறு பேருக்குச் சமைக்கிறான். மூத்தவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.


மாலா (பலெர்மோ)

எல்லாரும் எந்தக் கதவு என்று பேசுகிறீர்கள். நான் கடவுச்சீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

இத்தாலியில் பதின்மூன்று வயதில் பிள்ளை தெரிவு செய்ய வேண்டும்: லிச்சேயோ (பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் பள்ளி), தொழில்நுட்பப் பள்ளி, தொழிற்பள்ளி. எதுவென்றாலும் வழமையாக ஐந்து வருடம். எந்த நாளும் ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பி வகுப்புக்கு முன்னால் வாய்மொழியாகக் கேட்பார். பத்துக்கு 6 வந்தால் தப்பலாம். பல பாடங்களில் அது வராவிட்டால் அதே வகுப்பில் திரும்ப இருக்க வேண்டி வரலாம். மகள் மொழிகள் லிச்சேயோவில் நாலாம் வருடம், இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் இத்தாலியன், சிநேகிதிகளோடு சிசிலியன். சாந்தா ரொசாலியா மாதாவின் கோவில் மலைக்கு எங்களோடு வெறுங்காலில் ஏறுவாள். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு.

வகுப்போடு லண்டன் சுற்றுலா வந்தபோது மற்றப் பிள்ளைகள் பெட்டி அடுக்கினார்கள், எங்களுக்கு விசா வரிசை. விசா வரவில்லை. அவள் அந்த ஐந்து நாளும் பள்ளிக்குப் போய் வேறு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே பிறந்து இடைவிடாமல் 18 வயது வரை பதிவோடு இருந்தால், 18க்கும் 19க்கும் இடையில் உள்ள அந்த ஒரு வருடத்துக்குள் போய்க் குடியுரிமை கேட்க வேண்டும். தவறவிட்டால் மற்ற வெளிநாட்டவரைப்போல நீண்ட வழிதான். பெரியவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய பத்து வருட வதிவை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய முப்பது வீதம் பேர்தான் வாக்களிக்க வந்தார்கள், பாதி வராததால் செல்லாது. அன்று இரவு மகள் கேட்டாள்: 'என் ஆசிரியர்கள் போனார்களா அம்மா?'

அவளுடைய எதிர்காலக் கனவு என்ன என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் என்பாள். கொஞ்சம் நேரம் கழித்து மிலானோ என்பாள். இங்கே பிறந்த சிசிலியப் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள், தெற்கில் வேலை இல்லை. அவர்களுக்கும் இவளுக்கும் கனவு ஒன்று. நாங்கள் மட்டும் பிறந்தநாளுக்குக் கேக் அல்ல, கோப்பு தயார் செய்துகொண்டிருக்கிறோம்.


ரொட்டர்டாம்_ரவி

சின்னக் குறிப்பு. நெதர்லாந்தில் 12 வயதில் பிரிப்பார்கள், ஆனால் கீழ்ப்படியில் இருந்து ஒவ்வொன்றாக அடுக்கி ஏறலாம். நான் அப்படி ஏறியவன்தான், நாலு வருடம் கூடுதலாக ஆனது. கடைசிச் சோதனையில் தேறினால் வீட்டு வாசலில் கொடியேற்றி, கொடிக்கம்பத்தில் பழைய புத்தகப் பையைத் தொங்கவிடுவார்கள். எந்தப் படியில் தேறினாலும் அதே கொடி, அதே பை. எங்கள் தெருவில் அப்பா தொங்கவிட்ட பை மூன்று கிழமை மழையில் கிடந்தது, கழற்ற விடவில்லை.


வடலி (வின்டர்தூர்), மார்ச் 22

நால்வர் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன்.

பனிப்பூ சொன்னபடி ஏன் மரவேலை என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் காரில் போகும்போது, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: 'நாள் முடியும்போது செய்ததைத் தொட்டுப் பார்க்கலாம் அப்பா. பள்ளியில் அது இல்லை.' நான் முப்பத்து நாலு வருடமாகக் குசினியில் வேலை செய்பவன். எனக்கு அது விளங்கியது.

ஷ்னுப்பர் ஐந்து நாள் போனாள். பட்டறைக்காரர் நல்ல மனிதர், நேரம் மட்டும் தவறக்கூடாது. இரண்டாம் நாள் பஸ் பிந்திவிட்டது என்று ஏழு நிமிடத்துக்கு முகத்தைத் தூக்கினாராம். கிம்மி சோதனையையும் எழுதினாள். எழுதினால் நான் வாயை மூடுவேன் என்று ஒப்பந்தம். பாஸ். போகப் போவதில்லை. அவளுக்கு 18 ஆகாததால் லேர ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்து வைக்க வேண்டும். அது அடுத்த வருடக் கதை, ஆனால் அந்தப் பட்டறைக்காரர் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசி நாள் பிள்ளைகளை ஏதாவது ஒன்று செய்து கொண்டுபோக விடுவார்களாம். மற்றவர்கள் பெட்டி செய்தார்கள். இவள் பீச் மரத்தில் தேங்காய் துருவும் திருவலைக்கு இருக்கைப் பலகை செய்து கொண்டுவந்தாள். அம்மாவின் பழைய திருவலை ஊரில் இருந்து வந்தது, பலகை வெடித்து ஐந்து வருடம், நான் கம்பி சுற்றி வைத்திருந்தேன். அலகைக் கழற்றிப் புதுப் பலகையில் பூட்டினாள். ஊருக்கு வீடியோவில் காட்டினோம். அம்மா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, 'கால் கொஞ்சம் உயரம், என்னால குந்தேலாது' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகள் அளவு கேட்டுக் குறித்துக்கொண்டாள்.


கொழுக்கட்டை (ஹரோ)

அண்ணா, லண்டனுக்கு ஒன்று வேண்டும். என் முழங்காலும் சரியில்லை, எனக்குக் கால் உயரமாகவே இருக்கட்டும். தபால் செலவு நான் தருகிறேன்.